ரைஸ்மில் சண்டை

கணேசபாண்டியன் வீட்டில் என்ன படம் ஓடுகிறது என்று அந்தச் சந்தில் யாரும் கேட்டதில்லை. ஒரே படம்தான் ஓடும். தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, இட்லிக்காரர்கள் அண்டா கழுவும் இடத்தைத் தாண்டினால், எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டிய சந்து அது. மூன்றாவது கதவு அவனுடையது. குர்லாவில் தகரம் அடிக்கும் பட்டறையில் பிரஸ் மெஷினில் வேலை. விடிவதற்குள் போய், மதியம் மூன்று நாலு மணிக்கெல்லாம் திரும்பிவிடுவான். குளிப்பான், டீ குடிப்பான், படத்தைப் போடுவான். டி.வி.க்கு இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு ஸ்பீக்கர். கீழே ஒரு கறுப்புப் பெட்டி. படத்தில் அடி விழுந்தால் அந்தப் பெட்டி உறுமும், எதிர்வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் அதிரும்.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரைஸ்மில் படம் என்பார்கள். மூட்டை தூக்கும் ஒருவனை அடிக்க, ரைஸ்மில் முதலாளி எட்டு ஆட்களை அனுப்புவான். மூட்டைக்காரன் மில்லுக்குள் நின்று ஷட்டரை இறக்கிவிட்டு, "மூட்ட தூக்குன கை இது, மேல விழுந்தாத்தான் கனம் தெரியும்" என்பான். பிறகு எட்டுப் பேரையும் அடிப்பான். நெல் குவியல் சரிந்து விழுந்து எல்லோரையும் மூடும்வரை சண்டை நடக்கும். தமிழை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாத சந்துப் பிள்ளைகள் அந்த வசனத்தை மட்டும் பிசகாமல் சொல்லும்.

"பாண்டிக்கு இது சலிக்கவே சலிக்காதா வே?" என்று யாராவது கேட்டால், "நல்ல படம்லா. எத்தன மட்டம் வேணும்னாலும் பாக்கலாம்" என்று இன்னொருவர் சொல்வார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அவன் மனைவி இசக்கிசெல்விக்கும் அந்தப் படம் உயிர். வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன், டி.வி.யில் அது எப்போது வந்தாலும் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். சண்டை வரும்போது தலையைக் குனிந்து இலை வெட்டுவாள். அவளுக்கு வேண்டியது வேறு இடம். மூட்டைக்காரன் மழையில் நனைந்து வீட்டுக்குள் வருவான். அடுப்புப் பக்கம் திரும்பி நிற்கும் அவன் பெண்டாட்டி அவனைப் பார்க்காமலே காலால் ஒரு ஸ்டூலைப் பின்னால் தள்ளிவிடுவாள். அவன் அதில் உட்காருவான். இரண்டு பேரும் ஒன்றும் பேச மாட்டார்கள். அந்த ஸ்டூல் நகரும்போது இசக்கிசெல்வியின் கை பீடியை விட்டுவிடும்.

பெண் பார்க்க வந்த அன்று, பின்வாசலில் பேச விட்டபோது, "படமெல்லாம் பாப்பியா?" என்று கணேசபாண்டியன் கேட்டான். அவள் படத்தின் பெயரைச் சொன்னாள். அவன் முகம் மலர்ந்து, முழங்கையை மடக்கிக் காட்டி மூட்டைக்காரன் வசனத்தைச் சொன்னான். அவள் சிரித்தாள். பம்பாய் மாப்பிள்ளை, சொந்த ரூம், குடிப்பழக்கம் கிடையாது. அவளுக்கும் பிடித்திருந்தது. ஒரே படத்தை இத்தனை முறை பார்த்த ஆளோடு பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது என்று நினைத்தாள்.

முதல் சில மாதங்கள் அப்படித்தான் போயின. அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டையை நடித்துக் காட்டுவான். அவள் தலையணையோடு நெல் மூட்டை போல விழுவாள். ஆனால் ஸ்டூல் காட்சி வந்தால் ரிமோட்டை அழுத்தி ஓட்டிவிடுவான்.

"ஒரு நிமிசம் இருங்களேன்" என்பாள்.

"இதுல என்னட்டி இருக்கு, அடுப்பும் புகையும்" என்பான். காட்சி சர்ரென்று ஓடிப்போகும்.

முதல் அடி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விழுந்தது. சண்டை ஓடிக்கொண்டிருந்தது. டீ கொண்டு வந்தவள் டி.வி.யை மறைத்துக்கொண்டு நின்று, "எத்தன தடவதான் அடிச்ச ஆள்களையே அடிச்சிக்கிட்டு இருப்பாவ" என்று வேடிக்கையாகச் சொன்னாள். அவன் எழுந்து கன்னத்தில் அறைந்தான். பிரஸ் மெஷினில் தகடு பிடித்துக் காய்த்த கை. அவள் மாடிக்குப் போகும் இரும்பு ஏணியில் போய் மோதி விழுந்தாள். டீ அவள் தோளில் கொட்டியது. கத்தினாள். படத்தில் அதைவிடப் பெரிதாக யாரோ கத்தினார்கள். கதவு ஒருக்களித்துதான் இருந்தது. வாசலில் கீரை விற்கும் அம்மாள் எதிர்வீட்டாரோடு பேரம் பேசிக்கொண்டே இருந்தாள், தலை திரும்பவில்லை. அடுத்த நிமிடமே அவன் முட்டுக்கால் போட்டு அவள் தோளில் தண்ணீர் ஊற்றி மன்னிப்புக் கேட்டான். ஆனால் கீரைக்காரி திரும்பிப் பார்க்காததை அவனும் கவனித்துவிட்டான். இசக்கிசெல்விக்கு அது பின்னால்தான் புரிந்தது.

அதற்குப் பிறகு வேலை ஒரு ஒழுங்கில் நடந்தது. கதவைச் சாத்துவான். தாழ் போடுவான். ரிமோட்டை எடுத்துப் படத்தை நேராக ரைஸ்மில்லுக்குக் கொண்டுபோவான். சத்தத்தைக் கூட்டுவான். ஷட்டர் கடகடவென்று இறங்கும். அவள் அதற்குள் கண்ணாடி வளையல்களைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டு, மூக்குத்தியைத் திருகி எடுத்துவிடுவாள். ஒரு முறை வளையல் உடைந்து மணிக்கட்டில் இறங்கி, சில்லு உள்ளேயே தங்கிப் புண் சீழ் வைத்துவிட்டது. அதிலிருந்து வந்த பழக்கம்.

அடிப்பதற்குக் காரணம் ஏதாவது இருந்தது. பட்டறையில் மெஷின் இறங்கி அவனுடைய மோதிர விரல் நுனியைக் கொண்டுபோனது. முதலாளி சேட் மருந்துச் செலவோடு கைகழுவினார். அன்றைக்கு அடி. வீட்டுச் செலவுக்குப் போதவில்லை என்று அவனே பார்த்துச் சேர்த்துவிட்ட வேலைதான், ஐரோலியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். அங்கிருந்து அவள் திரும்ப நேரமானால் அதற்கு அடி.

"வண்டி லேட்டுங்க. தானா டேசன்ல சிக்னல் இல்ல."

"எவன்கூட லேட்டு?"

வயிற்றில் உதைப்பான். தலைமுடியைச் சுற்றிப் பிடித்து ஏணிக் கம்பியில் முட்டுவான். முகத்தைக் கூடுமானவரை விட்டுவிடுவான், வேலைக்குப் போக வேண்டுமே. நெல் சரிந்து சண்டை முடிந்தால் அநேகமாக அவனும் நிறுத்திவிடுவான். கோபம் மிச்சமிருந்தால் மூச்சு வாங்கிக்கொண்டே ரிமோட்டைத் தேடி எடுத்து, படத்தைத் திரும்பவும் ஷட்டருக்குக் கொண்டுபோவான். அந்த இடைவெளியில், படம் பின்னோக்கி ஓடும் அந்தச் சில நொடிகளில், வீடு அமைதியாக இருக்கும். அப்போது கத்தலாம் என்று அவளுக்குத் தோன்றும். மூச்சு வராது.

ஐரோலி ஆபீசில் மாலையில் கேன்டீன் ஷட்டரை இழுத்து மூடுவார்கள். அந்தச் சத்தத்துக்கு அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வளையலைக் கழற்றுவாள். சூப்பர்வைசர் அனந்த் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டு, "தபியத் டீக் ஹை?" என்று கேட்டான், உடம்பு சரியாக இருக்கிறதா என்று. "ஹாங், சார்" என்று சொல்லிவிட்டு வளையல்களைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

யாரிடமும் சொல்லாமல் இல்லை. கணேசபாண்டியனின் அண்ணன் செல்லத்துரை மாட்டுங்கா லேபர் கேம்பில் மளிகைக்கடை வைத்திருந்தார். அவரிடம் போனாள். அவர் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, "சின்னதுல இருந்தே அவனுக்குக் கை நீளும். நீ அந்த ஐரோலி வேலைய விட்டுரு தாயி, எல்லாம் சரியாயிரும்" என்றார். வேலை சேர்வதற்கு முன்பிருந்தே அடிக்கிறான் என்று அவள் சொன்னாள். அவர் அடுத்த ஆளுக்குச் சர்க்கரை நிறுக்கத் திரும்பினார்.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்து ரூமுக்கு சைனப் குடிவந்தாள். மேலப்பாளையத்துக்காரி. மான்குர்தில் தங்கை குடும்பத்தோடு இருந்தவள், கணவன் இறந்த பிறகு, சாயபு கடை ஒன்றுக்கு பிளவுஸ் தைத்துக் கொடுப்பதற்காகத் தாராவிக்கு வந்துவிட்டாள். அவளுடைய தையல் மெஷின் நடுச்சுவரை ஒட்டி இருந்தது. அந்தப் பக்கம் கணேசபாண்டியனின் ஸ்பீக்கர்.

முதல் நாளே சைனப்புக்குப் படம் தெரிந்துவிட்டது. அதை எங்கே கேட்டாலும் அவளுக்குத் தெரியும். மாட்டுங்கா தியேட்டரில் அது வந்தபோது, அவளும் கணவனும் ஒரே வாரத்தில் மூன்று தரம் போனவர்கள். அவர் உடம்புக்கு முடியாமல் கிடந்த நாட்களில் போனில் போட்டுக்கொடுத்துத் தானும் சேர்ந்து பார்ப்பாள். அதனால் சுவருக்குப் பின்னால் சத்தம் கேட்டபோது அவளுக்கு எரிச்சல் வரவில்லை. துணை மாதிரி இருந்தது. தைத்துக்கொண்டே வசனங்களை உதட்டுக்குள் சொல்லிக்கொள்வாள். ரைஸ்மில் சண்டை மட்டும் ஏன் அத்தனை தரம் ஓடுகிறது என்று நினைத்தாள். ஆம்பிளைக்கு அதுதானே பிடிக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் கை வேலை குறைவாக இருந்தது. அவள் போனில் அந்தப் படத்தைப் போட்டு, மெஷின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தாள். ரைஸ்மில் வந்தது. ஷட்டர் இறங்கியது. எட்டு ஆட்கள், மூட்டைக்காரன். கம்பு, அரிவாள், மெஷின் பெல்ட். நெல் சரிந்தது. ஏதோ குறைகிறது என்று அவளுக்குப் பட்டது. இன்னொரு முறை ஓட்டினாள். மூன்றாவது முறை மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

சுவர் வழியாக அவள் கேட்கும் சண்டையில் ஒரு பெண் அழுகிறாள். போனில் ஓடும் சண்டையில் பெண்ணே இல்லை. மூட்டைக்காரனின் பெண்டாட்டி அந்த நேரம் ஆஸ்பத்திரியில் மாமியாரோடு இருக்கிறாள்.

சைனப் போனை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் அந்தப் பக்கம் படம் ஓடவில்லை. மறுநாள் ஓடியது. அவள் போனைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு, திரையையும் சுவரையும் சேர்த்துக் கவனித்தாள். மூட்டைக்காரன் ஒருவனைத் தூக்கி மெஷின் மேல் போடும்போது, சுவருக்குப் பின்னால் இசக்கிசெல்வி "வேண்டாங்க, வேண்டாங்க" என்றாள்.

சைனப் போய்க் கதவைத் தட்டினாள். வெகுநேரம் தட்டினாள். சத்தம் குறைந்து கதவு திறந்தது. கணேசபாண்டியன் வேர்த்துப்போய் நின்றான்.

"என்ன பாபி, சத்தம் ஜாஸ்தியா?"

"ஆமா."

"குறச்சிருதேன்" என்று மரியாதையாகச் சொன்னான். அவனுக்குப் பின்னால், ஏணிக்குக் கீழே, இசக்கிசெல்வி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சைனப்பைப் பார்க்கவில்லை.

மறுநாள் குழாயடியில் சைனப் அவளுக்குப் பக்கத்தில் குடத்தை வைத்தாள். சுற்றிலும் பெண்கள் இருந்ததால் தணிந்த குரலில் பேசினாள்.

"அந்தச் சண்டையில பொம்பள சத்தம் கெடையாது, இசக்கி. நான் அந்தப் படத்த நெறைய வாட்டி பாத்திருக்கேன்."

இசக்கிசெல்வி குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குடம் நிரம்பி வழிந்தது. பின்னால் நின்றவள் சத்தம் போட்டாள்.

"ஒண்ணுஞ் செஞ்சிராதீங்க அக்கா" என்றாள் கடைசியில். "அவ்வொளுக்கு வேலையில கஷ்டம். விரல் போனதுல இருந்து ராத்திரி ஒறக்கம் இல்ல."

"ஒனக்கு ஒறக்கம் வருதா?"

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். ஏற்றும்போது விலா வலியில் பல்லைக் கடித்ததை சைனப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் தினமும் குழாயடியில் சேர்ந்து நின்றார்கள். பெரும்பாலும் பேச்சு இருக்காது. ஒரு நாள் இசக்கிசெல்வி தானாகச் சொன்னாள். "முடிஞ்சப் பெறவும் திருப்பிப் போடுதாவ அக்கா. அதான் தாங்க முடியல."

மழைக்கால ஞாயிறு ஒன்று. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மழை விட்டிருந்ததால் சந்தில் எல்லோரும் வெளியே இருந்தார்கள். ஒருத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள், பிள்ளைகள் கேரம் ஆடின. மறுநாள் காலை ஷிப்டுக்குச் சீக்கிரம் வரச் சொல்லி இசக்கிசெல்விக்கு அனந்த் போன் செய்தான். போனை எடுத்தது கணேசபாண்டியன். மறுமுனையில் ஆண் குரல். போனை ஏணிக் கம்பியில் ஓங்கி அடித்து உடைத்தான். கதவு சாத்தப்பட்டது. ஷட்டர் இறங்கியது.

சைனப் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தாள். நெல் சரியும்வரை காத்திருந்தாள். சரிந்தது. கொஞ்சம் அமைதி. திரும்பவும் ஷட்டர் இறங்கியது. அந்தப் பக்கம் சுவரில் ஏதோ மோதி, அவளுடைய நூல்கண்டுகள் அலமாரியிலிருந்து உருண்டன. நெல் சரிந்தது. மூன்றாவது முறை ஷட்டர் இறங்கியபோது அவள் எழுந்துவிட்டாள்.

சந்து முனையில் வரிசையாக மீட்டர் பெட்டிகள் இருந்தன. பெட்டிகளின் மேல் ரூம் நம்பர் பெயின்டால் எழுதியிருந்தது. கணேசபாண்டியனின் பெட்டியைத் திறந்து, ஃபியூஸ் கட்டையைத் துப்பட்டா முனையால் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. காலைச் சுவரில் உதைத்து இழுத்தாள். கையோடு வந்துவிட்டது.

படம் நின்றது. ஸ்பீக்கர் நின்றது. உறுமிக்கொண்டிருந்த சந்து சட்டென்று வெறுமையானது. அந்த வெறுமையில் மூன்றாவது கதவுக்குப் பின்னாலிருந்து அடி விழும் சத்தம் மட்டும் வந்தது. தோலின் மேல் தோல் படும் சத்தம். ஒரு முனகல். திரும்பவும் அடி. கரண்ட் போனதை அவன் உடனே கவனிக்கவில்லை. "சொல்லுட்டி, எவன் அவன், சொல்லு" என்ற குரல் தெளிவாகக் கேட்டது. அதற்குப் பதிலாக வந்த குரலை இசக்கிசெல்வியின் குரல் என்று அடையாளம் சொல்ல முடியாது. மீன் கழுவியவள் கத்தியோடு எழுந்து நின்றாள். கேரம் ஆடிய பிள்ளைகள் கையை எடுத்துவிட்டன.

இன்னும் இரண்டு அடி. பிறகு அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும், தன் சத்தம். அதோடு நிறுத்தினான்.

கதவைத் திறந்து வெளியே வந்தான். பனியன் முன்பக்கம் ரத்தம், அவனுடையது அல்ல. சந்து முழுக்க ஆட்கள் நிற்பதைப் பார்த்தான். சைனப்பின் கையில் ஃபியூஸ் கட்டையைப் பார்த்தான்.

"எங்க வீட்டுக் கரண்ட்ட நீ யாரு புடுங்க?"

"கேக்கட்டும்னு புடுங்கினேன். எல்லாரும் கேட்டாச்சி."

அவன் இரண்டே எட்டில் வந்து அவள் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். சைனப் சாக்கடைக் கல்லின் விளிம்பில் பின்தலை அடிக்க விழுந்தாள். வெள்ளைத் துப்பட்டா சிவந்துகொண்டே போனது. அவன் குனிந்து இன்னும் ஒருமுறை ஓங்கினான்.

அந்தக் கை இறங்கவில்லை. இசக்கிசெல்வி வெளியே வந்திருந்தாள். உதடு கிழிந்து, ஒரு கண் மூடி, இடது மணிக்கட்டு ஒருபக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கையில், மாடிக்கதவை முட்டுக்கொடுக்கும் இரும்புக் கம்பி. பின்னாலிருந்து அவன் முழங்கையில் அடித்தாள். எலும்பு முறிந்தது பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. அவன் அலறிக்கொண்டு திரும்பினான். தோளில் அடித்தாள். அவன் சுவரோரம் சரிந்து, நல்ல கையைத் தலைக்கு மேல் குடை மாதிரி வைத்துக்கொண்டு, "ஏட்டி, நாந்தாம்ட்டி, நாந்தாம்ட்டி" என்றான். அந்தக் கையிலும் அடித்தாள். தொடையில் அடித்தாள். அவள் வாய் திறக்கவே இல்லை. அவளுக்கு ஒன்றும் கேட்கவும் இல்லை என்று பின்னால் சொன்னாள். கம்பி போகிற போக்கில் கை போயிற்று. அடிக்க அடிக்க உள்ளே எதுவோ இளகுகிற மாதிரி இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது, ஆனால் அது நின்ற பிறகுதான்.

மூன்று பெண்கள் சேர்ந்து பிடித்து இழுத்தார்கள். மீன் கழுவிய பெண் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கம்பியைப் பிடுங்கினாள். "போதும் தாயி, செத்துருவான், போதும்."

சைனப்புக்குத் தலையில் ஏழு தையல். இசக்கிசெல்விக்கு மணிக்கட்டு முறிவு, இரண்டு விலா எலும்பு. கணேசபாண்டியனுக்கு முழங்கையில் ஆபரேஷன். மூன்று பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் வேறு வேறு வார்டில் கிடந்தார்கள்.

செல்லத்துரைதான் முதலில் போலீசுக்குப் போனார். கொலை முயற்சி என்று தம்பி மனைவி மேல் புகார் கொடுத்தார். கட்டுப்போட்ட கையோடு இசக்கிசெல்வி ஸ்டேஷனுக்குப் போய்த் தன் புகாரை எழுதிக் கொடுத்தாள். சந்திலிருந்து கூட வந்தவர்கள், "சினிமா சத்தம்னு நெனச்சோம் மேடம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பெண் இன்ஸ்பெக்டர் மராட்டிக்காரர். அவருக்கு விளங்கவில்லை.

"கோணதா பிக்சர்?" என்று கேட்டார். என்ன படம் அது?

தலையில் கட்டோடு வந்திருந்த சைனப் போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஸ்டேஷனுக்குள் ரைஸ்மில் ஷட்டர் இறங்கியது. இரண்டு கான்ஸ்டபிள்கள் எட்டிப் பார்த்தார்கள், ஒருவர் ரசித்தும் பார்த்தார். நெல் சரிந்தது. "இதில் ஒரு பெண் பேசினாளா மேடம்?" என்று சைனப் இந்தியில் கேட்டாள். இன்ஸ்பெக்டர் இல்லை என்றார். "அவர் வீட்டில் இது ஓடும்போதெல்லாம் நான் ஒரு பெண்ணைக் கேட்டேன்."

இன்ஸ்பெக்டர் சந்து ஆட்களைப் பார்த்தார். "உங்களுக்கும் கேட்டதா?"

மீன் கழுவிய பெண் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "கேட்டுது மேடம். படம்னு சொல்லிக்கிட்டோம்."

அந்த வாக்குமூலங்களை வைத்துத்தான் கணேசபாண்டியன் மேல் வழக்குப் பதிவானது. தற்காப்பு, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காப்பாற்ற அடித்தது என்று எழுதப்பட்டதால் இசக்கிசெல்வியைக் கைது செய்யவில்லை. ஆனால் அவள் மேல் போட்ட வழக்கும் முடிந்துவிடவில்லை. இரண்டு வழக்குக்கும் அவள் இன்றும் தேதி தேதியாக கோர்ட்டுக்குப் போகிறாள். கணேசபாண்டியன் ஜாமீனில் வந்தான். முழங்கை மடங்காததால் பிரஸ் மெஷினில் நிற்க முடியவில்லை. அண்ணன் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். சமாதானம் பேச வைக்கிறேன் என்று ஒரு முறை செல்லத்துரை இரண்டு பேரையும் ஒரு வக்கீல் அறையில் எதிரெதிரே உட்கார வைத்தார். கணேசபாண்டியன் அழுதான். உண்மையாகவே அழுதான். "இனிமே கை ஓங்கமாட்டேன். ஓங்கவும் முடியாதுல்லா" என்று மடங்காத கையைக் காட்டினான்.

இசக்கிசெல்வி அந்தக் கையைப் பார்த்தாள். தான் செய்தது என்று நினைத்தாள். வருத்தம் வருகிறதா என்று காத்திருந்தாள். கொஞ்சம் வந்தது. "ஓங்க முடிஞ்சா?" என்று மட்டும் கேட்டாள். அவன் அந்தக் கையை மடியில் இறக்கிக்கொண்டான். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

சைனப்பின் தங்கை வழியாக இசக்கிசெல்விக்கு மான்குர்தில் ஒரு சின்ன ரூம் கிடைத்தது. அங்கிருந்து ஐரோலி போய் வருவதும் எளிது. டி.வி. வாங்கவில்லை. அந்தப் படத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், பார்த்திருக்கிறேன் என்பாள், அதற்கு மேல் பேசமாட்டாள். சைனப் இன்னும் தாராவியில்தான் இருக்கிறாள். தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை. மழை வந்தால் தலை கனக்கிறது என்பாள்.

குடிபோன சில வாரத்தில், வேலை இல்லாத நாளில், பக்கத்து ரூமில் ஒரு அடி கேட்டது. ஒரே ஒரு அடி, பிறகு ஒரு குழந்தை வீரிட்டது. இசக்கிசெல்வி சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து, எச்சில் கையோடு போய்க் கதவைத் தள்ளினாள். நாலைந்து வயதுப் பெண்குழந்தையின் காதைத் திருகிப் பிடித்தபடி அதன் தாய் அடுத்த அடிக்குக் கையை ஓங்கியிருந்தாள். கீழே பால் கொட்டிக் கிடந்தது. இசக்கிசெல்வி அந்த ஓங்கிய கையைப் பிடித்தாள்.

"ஏ, நீ கோன்? யாரு நீ கேக்க? என் புள்ளைய நான் அடிப்பேன்" என்று அந்தப் பெண் தமிழிலும் இந்தியிலுமாகக் கத்தினாள்.

இசக்கிசெல்வி பிடித்த கையை விடவில்லை. அந்தப் பெண் உதறினாள், கடிக்கப் போனாள், அவள் குடும்பத்தையே இழுத்துத் திட்டினாள். வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். முறிந்து சேர்ந்த மணிக்கட்டு வலித்தது. பிடி தளரவில்லை. கடைசியில் அந்தப் பெண்ணே களைத்து, கொட்டிய பாலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது.

"கைய விடு" என்றாள் அந்தப் பெண், குரல் இறங்கி. "அடிக்கல. விடு."

இசக்கிசெல்வி விட்டாள். வாசலில் கிடந்த சாக்குத் துணியை எடுத்து வந்து, பால் ஓடிய இடத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.